அவை மனுவா, ஆர்டிஐயா, எம்.பி. கேள்வியா? பெருந்தொற்றுக் காலத்தில் அரசிடம் கணக்குக் கேட்கும் வழிகள்

ஊரடங்கு உத்தரவை எந்தச் சட்டப்பிரிவில் போட்டார்கள், மாவட்டத்துக்கு வந்த ஆக்சிஜன் எவ்வளவு, இறப்புக் கணக்கில் விடுபட்டவர்கள் எத்தனை பேர்? கொரோனாவின் முதல் இரண்டு அலைகளிலும் மக்கள் அரசிடம் கேட்டது பெரும்பாலும் இப்படிப்பட்ட விவரங்களைத்தான். கேட்பதற்கு வழிகளும் இருந்தன. நாடாளுமன்றத்துக்கோ சட்டப்பேரவைக்கோ மனு (அவை மனு) போடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) விண்ணப்பிக்கலாம். தொகுதி எம்.பி.யைப் பிடித்து அவையில் கேட்கச் சொல்லலாம். நீதிமன்றத்துக்கும் போகலாம். நான்கில் என் ஓட்டு ஆர்டிஐக்குத்தான். மனு அதற்குப் பின்னால் வரட்டும்.

செலவை வைத்து இவ்விரண்டையும் தரம் பிரிக்க வேண்டியதில்லை. ஆர்டிஐக்குப் பத்து ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. தமிழக அரசு அலுவலகம் என்றால் விண்ணப்பத்திலேயே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிவிடலாம். மத்திய அரசு அலுவலகத்துக்கு போஸ்டல் ஆர்டர் எடுக்கலாம் அல்லது இணையத்தில் கட்டலாம். அவை மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

கையெழுத்து சேர்க்கும் தனியார் இணையதளங்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. பிரிட்டனில் நாடாளுமன்றத்தின் சொந்தத் தளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தரும். 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பது பரிசீலிக்கப்படும். அதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் லட்சம் கையெழுத்துக்கு ஏதோ சக்தி உண்டென்று நம்புகிறவர்கள் நிறைய. நம் அவை விதிகளில் அப்படி ஓர் எண்ணே இல்லை. ஒரே ஒருவர் முறைப்படி கையெழுத்திட்ட காகிதமும் மனுதான். பத்து லட்சம் பேர் தட்டிய பொத்தான் மனு அல்ல.

இனி முக்கியமான விஷயம். பதில் எந்த நாளுக்குள் வர வேண்டும், வராவிட்டால் மாட்டுவது யார்? தொற்றலை இரண்டு மூன்று மாதத்தில் ஏறி இறங்கிவிடும். கெடு இல்லாத பதிலுக்குக் காத்திருந்தால், பதில் வரும்போது கேள்வியே பழசாகியிருக்கும்.

மக்களவை மனுக்கள் குழுவில் 15 உறுப்பினர்கள், மாநிலங்களவைக் குழுவில் 10 பேர். மனு குழுவுக்குப் போகும், குழு அமைச்சகத்திடம் கருத்துக் கேட்கும், வேண்டுமானால் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும், பிறகு அவையில் அறிக்கை வைக்கும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் மனு கொடுத்தவருக்கு இத்தனை நாளில் பதில் என்று அதில் எதுவும் இல்லை. தவிர, குழு கூடியாக வேண்டும். 2020 மார்ச் 23-ல் கூட்டத்தொடரை முன்கூட்டியே முடித்தார்கள். குழுக்கள் காணொலி வழியாகக் கூடுவதற்கும் இசைவு கிடைக்கவில்லை. ரகசியக் காப்பு விதி குறுக்கே நின்றது. அந்த ஆண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடர் நடக்கவே இல்லை. இரண்டாம் அலையில் இன்னும் மோசம். 2021 மார்ச் 25-ல் ஒத்திவைத்த அவைகள் மறுபடி கூடியது ஜூலை 19-ல். சுடுகாட்டில் வரிசை நின்ற ஏப்ரலும் மே மாதமும் முழுசாக அந்த இடைவெளிக்குள் போய்விட்டன.

ஆர்டிஐயில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த அன்றே நாள் எண்ணத் தொடங்கிவிடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அவருக்கு 30 நாள், காரணத்தை எழுதி வைத்தால் 45. அதற்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கெடு தாண்டிவிட்டால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும். 7(6) அதைத்தான் சொல்கிறது. ஆணையம் நினைத்தால், பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், அதுவும் அவர் சொந்தக் காசிலிருந்து.

போடுகிறார்களா என்றால், அபூர்வம்தான். ஆணையத்தில் தேங்கிக் கிடக்கும் மனுக்களும் அதிகம், ஆகவே இரண்டாம் மேல்முறையீட்டை நம்பித் திட்டம் போட வேண்டாம். முதல் மேல்முறையீடு வரை மட்டும் கணக்கிடுங்கள்: கெடு முடிந்த மறுநாளே போட்டால் மொத்தம் 75 நாள், தபால் தாமதத்தையும் சேர்த்து மூன்று மாதம். அதற்குள் தகவலாகவோ மறுப்பாகவோ கையில் ஒரு காகிதம் வந்துவிட வாய்ப்பு அதிகம்.

மறுப்புக் காகிதமும் வீண் போகாது. கொரோனா தொற்றுத் தொடர்பைக் கண்டறிய 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சேது செயலியை உருவாக்கியது யார் என்ற ஆர்டிஐ கேள்விக்கு, மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் தன்னிடம் தகவல் இல்லை என்றது. செயலியின் இணையதளத்திலோ அந்த மையத்தின் பெயரே இருந்தது. அக்டோபரில் மத்திய தகவல் ஆணையம் அந்தப் பதிலைக் கடுமையாகச் சாடி, ஏன் அபராதம் விதிக்கக் கூடாது என்று அலுவலர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உடனே அரசு விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று.

ஆர்டிஐ தோற்பது பெரும்பாலும் கேள்வியை எழுதும் விதத்தில்தான். "கொரோனா இறப்பை ஏன் மறைத்தீர்கள்? உண்மையான எண்ணிக்கை என்ன?" என்று எழுதினால் ஒரு வரியில் திரும்பி வரும். 'ஏன்' என்பதற்கு விளக்கம் சொல்ல அலுவலருக்குக் கடமை இல்லை. சட்டத்தில் தகவல் என்பது அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாக இருப்பது. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"1. 2021 ஏப்ரல் 1 முதல் மே 31 வரை தங்கள் அலுவலக இறப்புப் பதிவேட்டில் பதிவான மொத்த இறப்புகள், நாள்வாரியாக. 2. 2019-ஆம் ஆண்டின் அதே 61 நாள்களுக்கு அதே விவரம். 3. முதல் இனத்தில் சொன்ன காலத்தில் தாங்கள் மேலிடத்துக்கு அனுப்பிய கொரோனா இறப்பு அறிக்கைகளின் நகல்கள். 4. இறப்புகளைத் தணிக்கை செய்யக் குழு அமைத்த ஆணையின் நகலும், அக்குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளும். 5. மேற்படி கோப்புகளை நேரில் பார்வையிட ஒரு நாள்."

முதல் கேள்வியில் கொரோனா என்ற சொல்லே இல்லை. அது தெரிந்தே விட்டது. எது கொரோனா இறப்பு என்று வாதாட இடம் கொடுக்காமல் மொத்தத்தை வாங்கிவிட்டால், மிச்சத்தை 2019 சொல்லும். பதிவேடும் செய்திக்குறிப்பும் ஒத்துப்போகாது என்பது புதிய விஷயமும் அல்ல. 2020 ஜூலையில் தமிழக அரசே, ஆய்வுக் குழு அறிக்கைக்குப் பிறகு, சென்னையில் விடுபட்டிருந்த 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தது. ஐந்தாவது இனம் காப்புக்கு: நகல் எடுத்துத் தர ஆள் இல்லை, 7(9)-ன்படி அலுவலக வேலை கெடும் என்று கையை விரித்தால், பார்வையிடும் உரிமை மிஞ்சும். மத்திய அரசு விதிப்படி முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்குமேல் மணிக்கு 5 ரூபாய். நோயாளிகளின் பெயர், முகவரி கேட்காதீர்கள். 8(1)(ஜே) பிரிவில் தனிப்பட்ட தகவல் என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது.

உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்ற விதியும் உண்டு. அரசு மருத்துவமனையில் சேர்த்த நோயாளி எந்த வார்டில் இருக்கிறார், ஒருவரைத் தனிமை முகாமில் வைத்த ஆணையின் நகல் எங்கே என்பவற்றுக்கு இது பொருந்தும். ஆர்டிஐக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், இந்த ஒன்றுக்கு மட்டும் யாருடைய உயிருக்கு என்ன ஆபத்து என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கொள்கை பற்றிய கேள்விக்கு இதைப் போட்டால் எடுபடாது. பொருந்துகிற இடத்திலும் எல்லா அலுவலகமும் மதிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஆர்டிஐ போய் முட்டி நின்ற சுவர், பிஎம் கேர்ஸ். கொரோனா நிவாரணத்துக்காக 2020 மார்ச்சில் தொடங்கிய அந்த நிதியம் இச்சட்டத்தின் கீழ் வரும் பொது அதிகார அமைப்பு அல்ல என்று பிரதமர் அலுவலகம் சொல்லிவிட்டது. பத்து ரூபாயை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

எம்.பி. கேள்விக்கும் கெடு உண்டு. 15 நாள் முன்னறிவிப்பு, 150 சொல்லுக்குள் கேள்வி, எந்தக் கேள்வி இடம்பெறும் என்பதற்குக் குலுக்கல். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை (அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்பவை) 20, குறியிடாதவை (எழுத்தில் பதில் தருபவை) 230. அவையில் தந்த பதில் அதிகாரப்பூர்வமாகப் பதிவாகிவிடும் என்பதுதான் இதன் பலம். "தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகக் கருதப்பட்டு, மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டியதாகிறது. ஆனால் அவை கூடினால்தான் இத்தனையும். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப்பூர்வ பதில் மட்டும் வந்தது, துணைக்கேள்வி கேட்க வழியில்லை. ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்றதற்குத் தொழிலாளர் அமைச்சகம், அப்படிப்பட்ட தரவு இல்லை என்றது. அதே மாதம் மாநிலங்களவையில், அந்தத் தொழிலாளர்களுக்காக விட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் பயணித்தவர்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக ரயில்வே சொன்னது. பொதுவாகக் கேட்டதற்கு ஒன்றும் வரவில்லை, ரயிலைக் குறிப்பிட்டுக் கேட்டதும் எண் வந்தது.

உரிமையே பறிபோகிறது என்றால் நீதிமன்றம்தான். தடுப்பூசி போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும், பரிசோதனைத் தரவுகளை வெளியிட வேண்டும் என்பதும் ஜேக்கப் புலியேல் வழக்கில், 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம் சொன்னவை. தொடுத்தது 2021-ல். ஒரு விஷயம் நீதிமன்றத்தின் முன் இருந்தால் அதே விஷயத்துக்கு அவை மனு செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்படியானால் மனு எதற்கு? ஆர்டிஐ இருக்கும் காகிதத்தைத் தரும். இல்லாத விதியை உண்டாக்காது. அன்றாட இறப்பு விவரத்தை வார்டுவாரியாக வெளியிடச் சொல்வது, ஊரடங்கு உத்தரவுகளை அவையின் முன் வைக்கச் சொல்வது போன்றவற்றை மனுவில்தான் கேட்க முடியும். எந்த அவை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மருத்துவமனைப் படுக்கை மாநில விஷயம், இறப்புப் பதிவேட்டைப் பராமரிப்பதும் மாநிலத்தில் உள்ள அலுவலகங்கள்தான்; அவற்றை டெல்லிக்கு அனுப்பினால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். தடுப்பூசிக் கொள்முதல், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் மத்திய அரசு போட்ட உத்தரவுகள் என்றால் நாடாளுமன்றம். நம் சட்டப்பேரவை மனுக்கள் குழு மாவட்டம் மாவட்டமாக வரும்போது ஆட்சியர் அலுவலகம் வழியாக அறிவிப்பு வரும். ஒரு மனுவில் ஒரே பொருள், ஒரே துறை, பொதுப் பிரச்சினை மட்டும். தனிநபர் குறைகளை எடுக்க மாட்டார்கள்.

நாடாளுமன்றத்துக்கு என்றால் மனு இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பை இணைத்து அதிலும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொருவரின் முழுப்பெயரும் முகவரியும் வேண்டும். மனு எழுதிய தாளிலேயே ஒருவராவது கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்துகள் அடுத்தடுத்த தாள்களுக்குப் போனால் ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையைத் திரும்ப எழுத வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வந்து பின்னால் தைத்துவிடும் பழக்கம் இங்கேதான் காலை வாரிவிடும். எம்.பி. தாக்கல் செய்தால் அவரும் மேலொப்பம் இடுவார். இல்லாவிட்டால் அவையின் பொதுச் செயலாளருக்கு நேரடியாக அனுப்பலாம்.

கடிதம், பிரமாணப் பத்திரம், வேறு ஆவணம் எதையும் மனுவோடு இணைக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆர்டிஐயில் வாங்கிய பதிலை நகல் எடுத்துப் பின்னால் குத்தி அனுப்பாமல், அலுவலகத்தின் பெயர், கடித எண், தேதி, அதில் உள்ள எண்ணிக்கை ஆகியவற்றை மனுவின் இரண்டாவது பத்தியிலேயே எழுதிவிடுங்கள். மூலக் கடிதம் உங்களிடமே இருக்கட்டும். குழு விசாரணைக்குக் கூப்பிட்டால் கையோடு எடுத்துப் போகலாம்.