சிவப்புச் சீட்டை நம்பாதீர்கள்: கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடை

மகாமகக் குளத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான். பலகையில் ‘பழைய பொருட்கள் வாங்க, விற்க’ என்பதைத் தவிர வேறு பேர் கிடையாது. உள்ளே பித்தளை, வெண்கலம், ஈயச்சொம்பு, மரக்கால், பீங்கான் ஜாடி என்று கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறார்கள். பித்தளைப் பிரியர்கள் தாராளமாகப் போகலாம். சிவப்புச் சீட்டு ஒட்டிய ‘ஆண்டிக்’ ரேக்கில் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

பொதுவாக 100 வயது தாண்டினால்தான் ஆண்டிக். அதற்குக் கீழே, இருபது முப்பது வருஷமாவது ஆனது விண்டேஜ். கடையில் விண்டேஜுக்கு மஞ்சள் சீட்டு, விலை பாதிதான். ஆண்டிக் ரேக்கில் நான் எடுத்த முதல் அளவைக் குவளையிலேயே ‘லிட்டர்’ முத்திரை! மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்ததே 1956-இல். பக்கத்தில் ஓர் எனாமல் தட்டு. “நூத்தம்பது வருஷம்க்கா” என்றார் கடைக்காரத் தம்பி. திருப்பிப் பார்த்தால் ‘மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா’. அந்த நாடு உருவானதே 1918-இல்தான்.

அவர் பெருமையாக எடுத்துக் காட்டியது ஒரு குடம். சீர் சாமான்களில் வெட்டுவார்களே, அதுமாதிரி கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர். அதில் தும்பிக்கை வைத்த பழைய ‘லை’. “எழுத்தைப் பாருங்கக்கா, எவ்வளவு பழசு!” பழசுதான், சரி. ஆனால் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். என் அக்கா கல்யாணத்துக்கு 1974-இல் வாங்கிய அண்டாவிலும் அதே ‘லை’ இருக்கிறது. அவளிடம் போய் ஆண்டிக் என்றால் அடிக்க வருவாள். தவிர, பேரை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். குடத்தின் வயதை அது சொல்லாது.

நான் பார்ப்பது அடிப்பாகத்தையும் களிம்பையும். புழங்கிய குடத்தில் அடி ஒரே சீராகத் தேய்ந்திருக்காது, வயிற்றில் ஓரிரு நசுங்கலாவது இருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, களிம்பு விளிம்பு மடிப்பில் மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். உடம்பெல்லாம் ஒரே பச்சையாக இருந்தால் அமிலம் தடவிய வேலையோ என்று சந்தேகப்படலாம். இந்தக் குடம் அப்படியில்லை, நிஜமாகவே யார் வீட்டிலோ தண்ணீர் சுமந்தது.

அப்புறம் ஒரு வெண்கல நடராஜர். தம்பி குரலைத் தாழ்த்தி “சோழர் காலம்க்கா” என்றார். “நூறு வருஷம் தாண்டின சிலைன்னா 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணுமே, விக்கறதுக்கு லைசென்ஸ் வேணுமே தம்பி?” என்று கேட்டேன். “ஐயோ அக்கா, அது சுவாமிமலையில போன வருஷம் வார்த்தது!” ஒரே நொடியில் ஆயிரம் வருஷம் குறைந்துவிட்டது. சிலை என்னவோ அழகுதான். புதுச் சிலை என்றே சொல்லி விற்கலாம், சுவாமிமலை வேலைக்கு அதுவே போதும்.

மற்றபடி குணமான பிள்ளை. எதை வேண்டுமானாலும் எடுத்துத் திருப்பிப் பார்க்க விடுகிறார், வாங்கச் சொல்லி நச்சரிப்பதில்லை. சாவி கொடுக்கிற கடிகாரங்களின் பின்மூடியை மட்டும் திறக்க விடமாட்டார். உள்ளே இயந்திரத்தில் என்ன பேர் இருக்கிறது என்று பார்க்காமல் கடிகாரம் வாங்காதீர்கள்.

குடத்துக்கு 4,500 சொன்னார். மஞ்சள் சீட்டுக் கணக்கில் கேட்டேன், 2,600-க்கு முடிந்தது. ஜிபே உண்டு. பில் கேட்டால் துண்டுச் சீட்டுதான். அதில் ‘பழைய பித்தளைக் குடம் 1’ என்று சரியாகவே எழுதித் தந்தார்.