தரம் 6 மாணவியருக்கான எச்.பி.வி. தடுப்பூசிச் சேவை: திருகோணமலைத் தாய் ஒருவரின் மதிப்பீடு

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி, இலங்கையின் தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் 2017 ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டு, தரம் 6 மாணவியருக்குப் பாடசாலையிலேயே இலவசமாக ஏற்றப்படுகிறது. என் மகளுக்கும் அவ்வாறே ஏற்றப்பட்டது. தனியார் மருத்துவமனையில் பல ஆயிரம் ரூபாய் கேட்கும் ஊசி, கடற்றொழிலாளியின் மகளுக்கும் வங்கி முகாமையாளரின் மகளுக்கும் ஒரே வகுப்பறையில் கிடைப்பது இச்சேவையின் மிகப் பெரிய சிறப்பு.

சம்மதப் படிவம் வீட்டுக்கு வந்தபோதுதான் கேள்விகள் எழுந்தன. "இன்னும் பெரியபிள்ளையாகாத பிள்ளைக்கு ஏன் கர்ப்பப்பை ஊசி?" என்று தாய்மார் பலர் தயங்கினர். இப்புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 வீதத்துக்குக் காரணமான எச்.பி.வி. என்னும் வைரசின் 16, 18 ஆம் வகைகள் பாலுறவின் வழியே தொற்றுபவை என்பதாலும், தடுப்பூசி தொற்றைத் தடுக்குமேயன்றி ஏற்கெனவே தொற்றியதைக் குணப்படுத்தாது என்பதாலும், தொற்று ஏற்படுவதற்கு முன்பே இந்த வயதில் ஏற்றுவதுதான் முறை. குடும்ப நல உத்தியோகத்தர் இதைப் பொறுமையாக விளக்கினார். அந்த விளக்கத்தைக் கேட்கத் தந்தையர் எவரும் அழைக்கப்படாதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. பல வீடுகளில் படிவத்தில் கையெழுத்திடுபவர் அவர்தானே.

சேவை பாடசாலை வரவை நம்பியிருப்பதால், வராத பிள்ளை தவறிவிடுகிறாள். சாமத்தியப்பட்ட பிள்ளையைச் சடங்கு முடியும்வரை வீட்டில் வைத்திருப்பது நம்மிடம் வழக்கம். அதுவும் பெரும்பாலும் இந்த வயதை ஒட்டியே நிகழ்கிறது. தாய் வளைகுடா நாட்டில் வேலை செய்ய, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளையின் படிவத்தில் கையெழுத்திட அந்த முதியவர் அஞ்சுவார். தவறியவர்கள் பின்னர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஊசியைப் பெறலாம் என்றாலும், வெருகலிலோ ஈச்சிலம்பற்றிலோ நாட்கூலிக்குப் போகும் பெற்றோருக்கு அது ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் பயணம். ஆதலால் வராதோரின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, பாடசாலைக்கே மீண்டும் ஒருமுறை வருவதை அதிகாரிகள் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆண் பிள்ளைகள் இத்திட்டத்தில் இல்லை. இதே வைரசு ஆண்களுக்குத் தொண்டை, ஆசனவாய்ப் புற்றுநோய்களை உண்டாக்கும். அவுஸ்திரேலியா 2013 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் ஏற்றிவருகிறது. உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுச் சிறுமியரையே முதன்மை இலக்காக வைத்திருப்பதால், நிதி குறைந்த நம் நாடு அவர்களிடமிருந்து தொடங்கியதை நான் ஏற்கிறேன். ஆயினும் இது பெண்களின் நோய், பெண்களின் பொறுப்பு என்ற எண்ணம் வகுப்பிலேயே வேரூன்றாதிருக்க, அருகில் அமர்ந்திருக்கும் ஆண் மாணவருக்கும் அதே விளக்கம் தரப்பட வேண்டும்.

மகள் ஊசியைத் தவறவிட்டிருந்தால், அவளுடைய சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்லுங்கள். 35 வயதை எட்டிய தாய்மார், தமக்கான இலவசக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையைப் பற்றியும் அங்கேயே கேட்டறியலாம்.