நாலு அறைத் தங்குமிடத்துக்கு ஒரு பக்கம்: போட்டோஷொப்பா, கிம்ப்பா, போட்டோபியாவா?

எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். புக்கிங் தளங்களுக்குக் கமிஷன் கட்டி அலுத்தவர்கள், "நமக்கென்று சின்னதாக ஒரு வெப்சைட் போடலாமா?" என்று கேட்கிறார்கள். பெரிய வேலை இல்லை. மேலே பெயர், ஒரு பெரிய படம், நாலு அறை, பதுளை ரயிலில் வந்து எங்கே இறங்குவது, லிப்டன் சீட் போக என்ன வழி, வட்ஸ்அப் இலக்கம். அவ்வளவுதான். ஆனால் கோட் எழுதத் தொடங்குமுன் பக்கம் எப்படி இருக்கும் என்று படமாக வரைந்து காட்டிவிட்டால், பிறகு வரும் பாதிச் சண்டை வராது. படம் திருத்தும் மென்பொருள்களான போட்டோஷொப், கிம்ப், போட்டோபியா மூன்றில் அந்தப் படத்தை எதில் வரைவது என்பதுதான் இங்கே பேச்சு.

காசை முதலில் முடித்துவிடுவோம். போட்டோஷொப்பின் சொந்தக்கார நிறுவனமான அடோபி 2013 இல் சந்தா முறைக்கு மாறியதிலிருந்து புதிய போட்டோஷொப்பை ஒரேயடியாக வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. மாதாமாதம் டொலர் கணக்கில் கட்டவேண்டும். (டவுனில் உள்ள கொமினிகேஷன்களில் ஓடும் போட்டோஷொப் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.) கிம்ப் முழுக்க இலவசம். போட்டோபியாவும் இலவசம்தான், பதிலுக்கு விளம்பரம் காட்டும். இவான் குட்ஸ்கிர் என்ற ஒருவர் 2013 இல் தொடங்கிய இது பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. நீங்கள் திறக்கும் படம் எங்கேயும் ஏற்றப்படுவதில்லை, உங்கள் கணினியிலேயே இருக்கும். ஒரே குறை, அந்த விளம்பரம் வலப்பக்கத்தை அடைத்துக்கொள்ளும். 1366 பிக்சல் அகலமுள்ள பழைய லெப்டொப்பில் அது உறுத்தத்தான் செய்யும்.

இனி வரைகிற வேலை. முதலில் தாளை நெடுக்குப் பத்திகளாகப் பிரிக்கவேண்டும். 960 பிக்சல் அகலத்தில் 12 பத்தி, ஒவ்வொன்றும் 60 பிக்சல், நடுவில் 20 பிக்சல் இடைவெளி என்பது பழைய கணக்கு. சின்னப் பக்கத்துக்கு இன்றைக்கும் அது போதும். போட்டோஷொப்பில் பத்திகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் ஒரு பெட்டியில் கொடுத்தால் கைட் கோடுகள், அதாவது அளவு பிடித்து அடுக்க உதவும் வழிகாட்டிக் கோடுகள், மொத்தமாக வந்து விழும். கிம்ப்பில் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகப் போடவேண்டும். அலுப்பான வேலை, ஆனாலும் ஒருதரம் போட்டால் முடிந்தது.

கிம்ப் உண்மையில் சறுக்குவது பட்டனில். "அறை முன்பதிவு" என்று மூலை வளைந்த ஒரு பட்டன் போடுகிறீர்கள். போட்டோஷொப்பிலும் போட்டோபியாவிலும் அது ஒரு வடிவ லேயர், அதாவது பிறகும் திருத்தக்கூடிய தனி அடுக்கு. அகலத்தை இழுத்து மாற்றலாம், மூலை வளைவைக் கூட்டிக் குறைக்கலாம், நிறம் ஒரு கிளிக். கிம்ப்பில் வழக்கமான முறை, செவ்வகமாகத் தெரிவுசெய்து, மூலையை வளைத்து, நிறம் ஊற்றுவது. ஊற்றிய பிறகு அது வெறும் பிக்சல். வீட்டுக்கார அம்மா "சிங்களத்திலேயும் இங்கிலீஷிலேயும் அதே பட்டன் வேணும்" என்று சொன்ன அன்றைக்குத்தான் வித்தியாசம் புரியும். மூன்று மொழியிலும் சொல்லின் நீளம் ஒன்றாக இருக்காது. கிம்ப்பில் மூன்று பட்டனையும் அழித்து அழித்துப் போடவேண்டும். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 இல் நிழல் போன்ற விளைவுகளைப் பிறகு திருத்தக்கூடியதாகச் செய்துவிட்டார்கள். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் பட்டன் தொல்லையை அது தீர்க்கவில்லை.

தமிழ் எழுத்து என்று வந்தால் ஆட்டம் மாறுகிறது. எதைத் திறந்தாலும் முதல் வேலையாக "ஸ்ரீபாத யாத்திரை, கொழும்பு, பௌர்ணமி" என்று யுனிகோடில் தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அந்த மென்பொருள் தமிழைச் சேர்க்கத் தெரியாமல் விழிக்கிறது. கிம்ப் எந்தச் சொடுக்கும் இல்லாமல் சரியாகவே காட்டும். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் விருப்பங்களுக்குள் போய், எழுத்து என்ற பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை மாற்றினால்தான் வழிக்கு வரும். இது தெரியாமல்தான் பலர் இன்னும் யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டுகிறார்கள். பெனருக்குப் பாமினி சரி. இணையப்பக்கத்துக்கு ஆகவே ஆகாது, ஏனென்றால் வரைவிலிருந்து அந்த எழுத்தைப் பிரதியெடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர் எல்லாம் கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. போட்டோபியாவில் அந்தக் கோப்பை இழுத்துப் போட்டாலே போதும். வரிகளுக்கு நடுவில் ஆங்கிலத்துக்கு விடுவதை விடக் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். மேல் விசிறியும் கீழ்ச் சுழியும் முட்டிக்கொண்டால் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும்.

படத்தில் மட்டும் கிம்ப்பை அசைக்க முடியாது. நம்ம ஊர்ப் படங்களில் இரண்டு சிக்கல் உண்டு. தேயிலைச் சரிவு முழுக்க நுணுக்கமான இலை. அதை ஜேபெக் ஆக்கினால் கோப்பு ஊதிப்போகும். அதற்கு மேலே மூடுபனி. அது வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெதுவாக மாறுகிற இடம். கோப்பைச் சுருக்க வேண்டுமென்று தரத்தை ரொம்பக் குறைத்தால் பனி படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாக உடையும். தரத்தை 75 பக்கம் வைத்து, அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, பனிப் பகுதியில் மட்டும் மெல்லிய இரைச்சல், அதாவது பொடிப் புள்ளிகள், தூவினால் பட்டை மறையும். கிம்ப்பில் சேமிக்கும்போதே முன்னோட்டமும் கோப்பின் அளவும் தெரிவதால் தரத்தை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். இணையத்துக்கான வெப்பி என்ற பட வடிவிலும் எடுக்கலாம், பொதுவாக அது இன்னும் சின்னதாக வரும். போட்டோஷொப்பும் இதையெல்லாம் செய்யும், ஆனால் இதற்காக மட்டும் டொலர் கட்டவேண்டியதில்லை.

அப்புறம் கரண்ட். காற்று மழை நாளில் லைன் மேல் மரம் விழுந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. லெப்டொப் என்றால் பற்றரி தாங்கும், மேசைக் கணினி என்றால் அந்த நிமிடமே போச்சு. போட்டோஷொப் சில நிமிடத்துக்கு ஒருதரம் தானாக மீட்புப் பிரதி எடுத்து வைக்கும். கிம்ப்பில் அப்படி எடுக்கும் வசதி கிடையாது. விரல் தானாகவே சேமிக்கும் பொத்தானுக்குப் போகப் பழகவேண்டும். போட்டோபியாவிலும் அடிக்கடி பிஎஸ்டி கோப்பாக, அதாவது லேயர்களோடு சேமிக்கும் போட்டோஷொப் கோப்பாக, இறக்கி வைப்பதே பாதுகாப்பு.

கோட் எழுதுகிறவர் கொழும்பில் இருந்தால் அவர் கேட்பது பெரும்பாலும் பிஎஸ்டி. கிம்ப்பும் பிஎஸ்டி கொடுக்கும், ஆனால் எழுத்து லேயர்கள் படமாக உறைந்துபோய்விடும். அவர் பிரதியெடுக்க எழுத்தே இருக்காது. போட்டோபியாவில் இந்தப் பிரச்சினை இல்லை.

ஆகவே நான் செய்வது இப்படி: படங்களைக் கிம்ப்பில் சரிசெய்து, அடுக்குவதைப் போட்டோபியாவில் செய்கிறேன். வேலை செய்யும் இடத்தில் முறையான போட்டோஷொப் ஏற்கெனவே இருந்தால் சரி, அதிலேயே செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்காக அதைத் தேடிப் போகாதீர்கள்.

பக்கம் வடிவமைக்கும் கருவியான ஃபிக்மாவைச் சொல்லவில்லையே என்பீர்கள். அது படம் திருத்துகிற மென்பொருள் இல்லை. ஆனால் போட்டோஷொப்பின் சொந்தக்காரர்களே 2022 இல் 20 பில்லியன் டொலருக்கு அதை வாங்க முன்வந்து, 2023 டிசம்பரில் கைவிட்டார்கள் என்றால் பக்கம் வடிவமைப்பதில் அதன் பலம் விளங்கும். சொல்லின் நீளத்துக்கு ஏற்பப் பட்டன் தானாகவே விரியும். கூகுள் எழுத்துருக்கள் பட்டியலிலேயே இருக்கும். ஆனால் கணக்கு வேண்டும், இணையம் வேண்டும். நாலைந்து பக்கம், பிறகு அடிக்கடி மாற்றம் என்றால் நேராக அங்கே போவதே புத்தி. ஒரே பக்கம், டேட்டா மட்டு என்றால் மேலே சொன்னதே போதும்.

எதில் வரைந்தாலும் 360 பிக்சல் அகலத்தில் போனுக்கான வரைவை முதலில் போடுங்கள். எல்லயில் ரயிலை விட்டு இறங்கி அறை தேடுகிறவர் லெப்டொப்பைத் திறக்கப்போவதில்லை. அந்த அகலத்தில் வட்ஸ்அப் பட்டன் முதல் திரையிலேயே தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் 12 பத்திப் பக்கம் போகவேண்டும்.