பழைய ரூட்டர்: ஒயர் இழுப்பதா, ரிப்பீட்டர் ஆக்குவதா, மெஷ் வாங்குவதா?

வீட்டின் கோடி அறைக்கு வைஃபை எட்டவில்லை. இணைப்பு மாற்றியபோது மிஞ்சிய பழைய ரூட்டர் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. அதை ஈதர்நெட் ஒயரால் புதிய ரூட்டரோடு இணைத்து, அந்த அறைக்கு வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்ட் ஆக்கலாம். ஒயரே இல்லாமல், வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டராக வைக்கலாம். அதை ஓரம்கட்டிவிட்டு, பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் செட் வாங்கலாம். நான் தேர்ந்தெடுத்தது ஒயர். இப்போதும் யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

ரிப்பீட்டரின் கவர்ச்சி எல்லோருக்கும் தெரிந்தது: சுவரில் ஓட்டை வேண்டாம், கரண்ட் பிளக் இருந்தால் போதும். சிக்கல் அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஒரே ரேடியோ, ஒரே சேனலில், முதன்மை ரூட்டர் சொல்வதைக் கேட்டு, அதையே மறுபடி போனுக்குச் சொல்ல வேண்டும். கேட்கும்போது பேச முடியாது, பேசும்போது கேட்க முடியாது. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்வதால் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். ஒரு பேண்டில் (அலைவரிசையில்) வாங்கி இன்னொரு பேண்டில் கொடுக்கும் இரட்டை பேண்ட் ரூட்டர் என்றால் இந்த இழப்பு குறையும். ஆனால் அலமாரியில் கிடப்பவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளவை.

அதைவிட ஏமாற்றுவது சிக்னல் கோடுகள். ரிப்பீட்டரைக் கோடி அறையிலேயே வைத்தால் போனில் கோடுகள் நிறைந்து நிற்கும், பக்கம் மட்டும் திறக்காது. அந்தக் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. ரிப்பீட்டருக்குப் பின்னால் முதன்மை ரூட்டர் வரை இருக்கும் தொடர்பு பலவீனமாக இருந்தால் முன்னால் எத்தனை கோடு தெரிந்தும் பயனில்லை. இந்த மூன்று வழிகளில் எது நல்லது என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பின்பக்கத் தொடர்புதான். ஒயர் ஜெயிப்பதும் இதில்தான்.

சாதாரண கேட்5இ ஒயர் 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகத்தைத் தாங்கும். எந்த வீட்டுக்கும் அது தாராளம். நடுவில் எத்தனை சுவர் இருந்தாலும், பக்கத்து வீட்டு வைஃபை எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் ஒயருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பழைய ரூட்டரின் ரேடியோவும் தன் முழு நேரத்தையும் அந்த அறையில் உள்ள கருவிகளுக்கே கொடுக்கும். ஒரு வரம்பு உண்டு: பல பழைய ரூட்டர்களின் போர்ட் 100 எம்பிபிஎஸ் தான், கைக்குக் கிடைப்பது 94 வரை. உங்கள் இணைப்பு 300 எம்பிபிஎஸ் என்றால் கோடி அறையில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. வீடியோ அழைப்புக்கும் படம் பார்ப்பதற்கும் அதுவே மிச்சம். பெரிய கோப்புகளை அடிக்கடி இறக்குபவர்களுக்குத்தான் குறை தெரியும்.

அமைப்பதில் முக்கியமானது வரிசை. பழைய ரூட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. இல்லையென்றால், முதலில் ரீசெட் செய்து, முதன்மை ரூட்டரோடு இணைக்காமல் லேப்டாப்பை மட்டும் அதில் செருகுங்கள். பிரௌசரில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் வையுங்கள். பிறகு அதன் ஐபி முகவரியை மாற்றுங்கள்: முதன்மை ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. முதன்மை ரூட்டர் மற்ற கருவிகளுக்கு வழங்கும் முகவரி வரிசையில் அந்த எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் அந்தப் பக்கத்தின் இணைப்பு அறுந்துவிடும். ஒயரைக் கழற்றி மாட்டிவிட்டுப் புது முகவரியில் மறுபடி நுழையுங்கள். கடைசியாக, கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணையுங்கள். அணைத்த பிறகு அது லேப்டாப்புக்கு முகவரி தராது என்பதால்தான் அதைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன்.

அப்புறம் முதன்மை ரூட்டரிலிருந்து வரும் ஒயரை, நிறம் மாறி இன்டர்நெட் என்று எழுதியிருக்கும் துளையில் செருகாமல், பக்கத்தில் உள்ள லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்காமல் விட்டால் இரண்டு ரூட்டரும் போட்டி போட்டு முகவரி வழங்கும். பழையதிடம் வாங்கிய போன், இணையத்துக்கான வாசலும் அதுதான் என்று நம்பி நிற்கும். வைஃபை இணைந்திருக்கும், இணையம் வராது. இன்னொரு போனில் எல்லாம் சரியாக ஓடும்.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே வகைப் பாதுகாப்பு வைத்தால் போன் தானே மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள்.

மாறிக்கொள்ளும் என்றேனே, அங்கேதான் மெஷ் ஒரு படி மேல். எப்போது மாறுவது என்பதைப் போனே முடிவு செய்கிறது. சில போன்கள் தூரத்து ரூட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷ் செட்டின் பெட்டிகள் தங்களுக்குள் பேசி, 802.11கே, 802.11வி போன்ற வைஃபை விதிமுறைகளின் வழியே போனுக்கு வழிகாட்டும். ஒரே செயலியில் எல்லாம் அடங்கும், அப்டேட்டும் வரும். நான் மெஷ்ஷைப் பயன்படுத்தியது உறவினர் வீடுகளில் கொஞ்ச நேரம்தான். வருடக்கணக்கில் எப்படி நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒயர் இல்லாத மெஷ்ஷும் காற்றையே நம்பியிருக்கிறது. பின்பக்கத் தொடர்புக்கென்று தனி பேண்ட் ஒதுக்கும் மாடல்களில் நிலைமை மேல். ஒயர் இழுக்கவே வழியில்லாத வாடகை வீடு என்றால் பழைய ரூட்டரை ரிப்பீட்டராக்கி மல்லுக்கட்டுவதைவிட மெஷ் வாங்குவது நல்லது.

எல்லாப் பழைய ரூட்டரும் இதற்குத் தகுதியானதல்ல. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு இல்லாமல், எளிதில் உடைக்கக்கூடிய பழைய டபிள்யூஇபி மட்டும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அப்டேட் நின்றுபோன ரூட்டர், முதன்மை ரூட்டருக்குப் பின்னால் இருப்பதால் இணையத்துக்கு நேராக முகம் காட்டாது. ஆபத்து குறையும், போய்விடாது. அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, பட்டன் அல்லது பின் எண்ணால் கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அடாப்டரையும் கவனியுங்கள்: 9 வோல்ட், 12 வோல்ட் அடாப்டர்களின் முனை பெரும்பாலும் ஒரே அளவு, மாற்றிச் செருகினாலும் பொருந்தும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள வோல்ட்டைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கோடி அறையில் ஒரு சோதனை. ஒயரை லேப்டாப்பில் நேரடியாகச் செருகி வேகம் பாருங்கள், பிறகு ரூட்டரில் செருகி வைஃபையில் பாருங்கள். ஒயரிலேயே வேகம் குறைவு என்றால் ஒயரின் முனையைச் சரியாக கிரிம்ப் செய்திருக்கிறார்களா (பிளக்கில் அழுத்திப் பொருத்தியிருக்கிறார்களா) என்று பாருங்கள். கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும் என்பதால் மற்ற நான்கில் ஓர் இழை விட்டுப்போனாலும் இணைப்பு பெரும்பாலும் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். ஒயரில் வேகம் இருந்து, ரூட்டரின் பக்கத்திலேயே வைஃபை மட்டும் தவழ்ந்தால் ரேடியோதான் பழசு. அதே ஒயரின் முனையில் புது ஆக்சஸ் பாயின்ட் ஒன்றை மாட்டினால் போதும்.