விருதம்பட்டு கைத்தொழில் பள்ளி: காசு கொடுத்துப் போகலாமா?

வேலூரில் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடப்பது, என்னிடம் ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கும் ஒரு டீச்சர் சொல்லித்தான் தெரியும். விருதம்பட்டில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, திண்ணையும் முற்றமும் உள்ள பழைய ஓட்டு வீடு. பாகாயம்–காட்பாடி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்துவிடலாம். பானை, தோல் வேலை, கோரைப்பாய் மூன்றிலும் சேர்ந்து பார்த்தேன். தெருக்கூத்து ஆடுபவர்கள் அணியும் கட்டை அணிகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கும் வகுப்பும் இப்போது தொடங்கியிருக்கிறார்கள். அதில் நான் சேரவில்லை. போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம். பாய் வகுப்புக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

பானை வகுப்பு எடுப்பவர் கரிகிரிப் பக்கத்துப் பெரியவர். அந்த ஊர் மண்பாண்டத்தைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரச் சக்கரத்தில் ஒரு கப் செய்யவிட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடும் வேலை இங்கே இல்லை. முதல் வகுப்பு முழுக்க மண் மிதிப்பதுதான். ஏரிக் களிமண்ணில் சலித்த மணலைத் தூவித் தூவிக் குதிகாலால் மிதிக்க வேண்டும். வேரோ கல்லோ காலில் தட்டுப்பட்டால் பொறுக்கிப் போட வேண்டும். மணல் குறைந்தால் காயும்போது விரிசல் விடும், கூடினால் சக்கரத்தில் எழும்பாது. எவ்வளவு என்று கேட்டால் அளவு சொல்ல மாட்டார். ஒரு பிடி மண்ணை உருட்டி, வளைத்து, நம் கையிலேயே கொடுத்துவிடுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடி தட்டுவது. சக்கரத்திலிருந்து இறங்கும்போது பானைக்கு அடியே கிடையாது. வாயும் கழுத்தும் அமைந்ததும் நூலால் அறுத்து நிழலில் வைத்துவிடுகிறார். பக்கமெல்லாம் தடியாக, கீழே திறந்தபடி இருக்கும். கொஞ்சம் இறுகியதும் மடியில் வைத்து, உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டுகிறார். தட்டத் தட்ட அந்தத் தடிப்பு இளகி நீண்டு, அடி தானாக மூடிக்கொண்டு வருகிறது. கல் உள்ளே எங்கே இருக்கிறதோ அதற்கு நேராகத்தான் பலகை விழ வேண்டும். கல் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கல்லூரிப் பையன் அவசரப்பட்டபோது, "இன்னும் ஈரமா கீதுப்பா. இப்ப தட்டுனா ஒட்டிக்கும். போய் சாப்ட்டு வா" என்றார். பையன் சாப்பிட்டுவிட்டு வந்து தட்டினான், சரியாக வந்தது.

தோல் வகுப்பைத் தையல்காரியாக நான் தனியாகப் பாராட்ட வேண்டும். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்த ஒரு அக்கா நடத்துகிறார். மெஷின் தையலில் மேல்நூலும், அடியில் பாபினில் சுற்றியிருக்கும் கீழ்நூலும் தோலுக்கு நடுவில் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். ஒன்று அறுந்தால் தையல் வரிசையாக விட்டுக்கொண்டு போகும். இந்த அக்கா கற்றுத்தருவது மெழுகு தேய்த்த ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்க ஊசியும் போகும், அந்தப் பக்க ஊசியும் வரும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்து நிற்கும். இவ்வளவு வருஷம் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன், இதை இப்படி யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஒவ்வொரு தையலையும் ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும் என்பதில் அக்கா கறார். கோணலாகப் போன வரிசையை முகம் கோணாமல் பிரிக்கச் சொல்வார், பக்கத்திலேயே உட்கார்ந்து மறுபடி தைக்க வைப்பார். நான் தைத்த மணிபர்ஸைத்தான் கடையில் வைத்துப் புழங்குகிறேன்.

கட்டணம் ஒரு வகுப்புக்கு 350 ரூபாய். அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எத்தனை பேர் வந்தாலும் கற்றுத்தருபவருக்கு ஒரே சம்பளம். மழை கொட்டிய ஒரு ஞாயிறு இரண்டு மூன்று பேர்தான் போனோம். அன்றும் பெரியவர் கையில் முழுப் பணத்தையும் கொடுத்ததைப் பார்த்தேன். கைத்தொழில் அழிகிறது என்று மேடையில் பேசுபவர்கள் இதைச் செய்தால் போதும். ஆனால் தோலுக்கும் நூலுக்கும் தனியாகப் பணம் என்பதைச் சேரும்போதே சொல்ல வேண்டும். எனக்கு அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்கள்.

பாய் வகுப்புக்கு வருவோம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வரும் அம்மாவின் மேல் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஏற்பாட்டில்தான். ஒரே தறி, எட்டுப் பேர். பாய்த் தறியில் ஒருவர் குச்சியில் கோரையைச் செருகித் தர, இன்னொருவர் அச்சை இழுத்து அடிக்க வேண்டும். மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்கிறோம். இரண்டு மணி நேரத்தில் ஒரு சாண்கூட ஏறவில்லை. கோரையைக் கிழிப்பது, காயவைப்பது, நனைப்பது எதையும் நாங்கள் செய்யவே இல்லை, தயாராகக் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட லீவில் தொடர்ந்து ஒரு வாரம் நடத்தினால்தான் இது உருப்படும்.

நடத்துகிறவர்கள் ஒரு இளம் தம்பதி. டென்மார்க்கில் 1844-ல் ரோடிங் என்ற ஊரில் கிராமத்து இளைஞர்களுக்காகத் தொடங்கிய பள்ளியைப் பற்றி அவர்கள்தான் சொன்னார்கள். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனையாம்: பரீட்சை கிடையாது, சேர்ந்து தங்கி, பேசி, பாடிக் கற்றுக்கொள்வது. இங்கே தங்க முடியாது. ஆனால் பரீட்சையும் சர்ட்டிபிகேட்டும் கிடையாது, மதியச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி. கற்றுத்தருபவரும் அதே வரிசையில்தான் உட்காருகிறார். வேலூர் சைதாப்பேட்டையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் வீட்டு அம்மா கொண்டுவரும் முள்ளுக் கத்தரிக்காய்த் தொக்குக்கு நான் கியாரண்டி, இலவம்பாடிக் காய்தான் வாங்குவாராம்.

அந்தப் பந்தியில் இன்னொன்றும் நடந்தது. மண்பாண்டம் செய்பவர்கள் ஏரியிலிருந்து இலவசமாக மண் எடுக்க, வட்டாட்சியர் அனுமதியே போதும் என்று 2024-ல் அரசு எளிதாக்கியது. பெரியவருக்கு அதற்கு எப்படி மனு போடுவது என்று தெரியவில்லை. பானை செய்யக் கற்றுக்கொள்ள வந்த ஒரு ரிட்டயர்டு விஏஓ, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து அங்கேயே மனுவை எழுதிக் கொடுத்தார். தாலுகா ஆபீசுக்கும் கூடப் போனார். காசு வாங்கிக்கொண்டு வகுப்பு நடத்த நிறைய இடம் இருக்கிறது, இப்படி ஒருவர் வேலையில் இன்னொருவர் கைகொடுக்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை ஒன்றே ஒன்று. வாசல் படி செங்குத்தாக இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கைப்பிடி வைத்துத் தர வேண்டும். சூளை மாதம் ஒருமுறைதான் வைக்கிறார்கள், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. உங்கள் பானை கைக்கு வர நாளாகும்.

பெரிய குறை நேரம். ஞாயிறு காலை பத்து மணிக்கு எந்த வீட்டுப் பெண் கிளம்ப முடியும்? கறி எடுத்துச் சமைக்கிற நாள் அது. நான் கடை வைத்திருப்பதால் எப்படியோ சமாளித்துப் போகிறேன். என் தெருவில் ஆசைப்பட்ட பலரால் முடியவில்லை. புதன்கிழமை மதியம் ஒரு வகுப்பு வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன், பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்குகிறோம் என்றார்கள். சத்துவாச்சாரியிலிருந்து நாங்கள் நாலு பேர் பெயர் கொடுத்துவிட்டோம். வர முடிந்தவர்கள் அங்கே போய்ப் பெயர் கொடுங்கள், புதன் மதியம் என்று மறக்காமல் சொல்லி எழுத வையுங்கள்.