இரணைமடுவா, ஊர்க்குளங்களா? வன்னி நீரைத் தேக்கும் இரு வழிகள்

இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் பெய்து ஓய்ந்துவிடுவதால், மிகுதி மாதங்களுக்குத் தண்ணீரைத் தேக்கி வைப்பதைத் தவிர இங்கு வேறு வழி இருந்ததில்லை. எங்கே தேக்குவது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. கிளிநொச்சியின் இரணைமடு போன்ற பெரிய நீர்த்தேக்கத்தின் கட்டை உயர்த்துவதா, அந்தப் பணத்தில் தூர்ந்து கிடக்கும் ஊர்க்குளங்களைத் திருத்துவதா?

கோடையில் செய்யும் சிறுபோகத்தை வைத்துப் பார்த்தால் பெரிய குளமே மேல், காரணம் ஆழம். வெயில் மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகிறது என்று கொண்டால், நான்கு மாதங்களில் 2 அடி போய்விடும். 6 அடி தண்ணீர் நிற்கும் ஊர்க்குளத்துக்கு அது ஆழத்தில் மூன்றிலொரு பங்கு. குளத்தின் மேற்பரப்பு அடியைவிட அகன்றிருப்பதால் கொள்ளளவில் இழப்பு அதையும் மிஞ்சும். 36 அடி கொள்மட்டமுள்ள இரணைமடுவோ அதைத் தாங்கிக்கொள்ளும். ஆகவேதான் ஊர்க்குளத்தின் கீழ் மழைக்காலத்துக் காலபோகத்தோடு நின்றுவிடும் நெற்செய்கை, இரணைமடுவின் கீழ் இருப்பிலுள்ள நீருக்கேற்பப் பங்கிடப்பட்டுச் சிறுபோகத்திலும் தொடர்கிறது.

ஆனால் அந்த 36 அடிக்கு ஒரு விலை உண்டு. 34 அடியிலிருந்து உயர்த்தப்பட்ட குளம் 2018 டிசம்பர் தொடக்கத்தில் திறந்துவைக்கப்பட்டது. அதே மாதம் கொட்டிய பெருமழையில், மிகை நீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறக்கப்பட, கீழே கண்டாவளைப் பக்கத்து ஊர்களும் வயல்களும் வெள்ளத்துள் மூழ்கின. சிறுபோகத்துக்காகக் குளத்தை நிறைத்து வைக்க வேண்டும், வெள்ளத்துக்காக அதில் இடம் விட வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் ஒரே கட்டுக்குள் முட்டிக்கொள்வதால், எந்தப் பொறியியலாளர் வந்தாலும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீராது. யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுப்பது பற்றிய நீண்ட இழுபறியும் இந்த ஒரே குளத்தைச் சுற்றியே நடந்தது. தாளையடியில் 2024 இல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பின்னரே அது சற்றுத் தணிந்தது.

ஊர்க்குளத்தின் பயன் ஏக்கர்க் கணக்கில் அகப்படாது. 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்கு நீர் பாய்ச்சும் இக்குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் பார்த்துக்கொள்கின்றன. வவுனியாப் பக்கம் கடும்பாறை நிலம். நிலத்தடி நீர் பாறைக்கு மேலுள்ள மெல்லிய படையில்தான் தங்குகிறது. கட்டுக்குக் கீழேயுள்ள கிணறு வைகாசி, ஆனி வரை வற்றாதிருப்பது குளத்திலிருந்து ஊறும் நீரால்தான், குளம் வற்றினால் அதுவும் அடியைக் காட்டிவிடும். மாடுகளுக்கும் குளிப்புக்கும் இரணைமடு எட்டாத தொலைவு.

ஆயினும் திருத்துகிறோம் என்று கிண்டுவதெல்லாம் திருத்தமல்ல. வயலுக்கு நீர் திறந்துவிடும் மதகான துருசின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்த நீர் வயலுக்குப் பாயாது, மாடு குடிக்க மட்டுமே உதவும். அடியிலுள்ள களிப்படையை வெட்டிவிட்டால் நிற்கும் நீரும் உறிஞ்சப்பட்டுவிடும். மிகை நீர் வழியும் வான் கட்டை உயர்த்தினால் மேலேயுள்ளவரின் வயல் மூழ்கும். கட்டோரத்து மருதமரங்களை மெசின் கொண்டு பிடுங்கி எறிவதை அபிவிருத்தி என்று அழைப்பதும் நடக்கிறது.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் குளங்களைத் திருத்தினால் இரணைமடுவுக்கு வரும் நீர் குறையுமே என்று கீழ்ப்பகுதிக் கமக்காரர் கேட்பது நியாயம். மழை பொய்த்த ஆண்டில் அது குறையத்தான் செய்யும். ஆனால் மழை சரியாகப் பெய்த ஆண்டுகளில் சிறு குளங்கள் நிறைந்து வான் பாய்ந்து மிகுதியைக் கீழே அனுப்பிவிடுகின்றன. மழையின் தொடக்க வேகத்தை அவை ஓரளவு தாங்கிக்கொள்ளும், வண்டலும் இரணைமடுவுக்கு வருமுன் அவற்றிலேயே படியும். எனவே இரணைமடுவின் கட்டை இனியும் உயர்த்துவதைவிட, மேலே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் பாயும் தொடர்குளங்களைத் துருசு, வான், வரத்து வாய்க்கால் என்ற ஒழுங்கில் சீர்செய்வதற்கே அடுத்த ஒதுக்கீடு போக வேண்டும் என்பது என் நிலைப்பாடு. வறண்ட ஆண்டில் எவருக்கு எவ்வளவு என்பதை மேற்பகுதி, கீழ்ப்பகுதிக் கமக்காரர் இருதரப்பும் காலபோகக் கூட்டத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.