ஊருக்கு வரும்போது ஃபில்லர்: எந்த இடத்துக்கு எது, எப்போது

கல்யாண சீசனில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் பட்டியலில் பட்டுப்புடவை, பல் க்ளீனிங் வரிசையில் இப்போது ஃபில்லரும், அதாவது முகத்தில் பள்ளத்தை நிரப்ப ஊசியால் ஏற்றும் ஜெல்லும், சேர்ந்துவிட்டது. நுங்கம்பாக்கம், அண்ணா நகர், அடையாறு பக்கம் தோல் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை. டிசம்பர், ஜனவரியில் கூட்டத்துக்கும்தான். போடுவதென்றால் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். உதட்டு வீக்கம் வடிய இரண்டு மூன்று நாள், ரத்தக்கட்டு மறைய ஒரு வாரம் பத்து நாள், ஜெல் படிய இரண்டு வாரம் ஆகும். கிளம்பும் முன் மறுபடி காட்ட நேரம் வேண்டாமா?

ரிசப்ஷனில் 'ஒரு சிரிஞ்ச் இவ்வளவு' என்றுதான் பேச்சு தொடங்கும். முதலில் கேட்க வேண்டியது, எந்த ஜெல் என்பது. கன்னமேடு, மோவாய், தாடையோரம் எல்லாம் கெட்டி ஜெல் கேட்கும் இடங்கள். எலும்பை ஒட்டி ஆழத்தில் வைப்பார்கள். ஜுவிடெர்ம் என்ற பிராண்ட் வரிசையில் அதற்கு வொலூமா, மில்லிக்கு 20 மில்லிகிராம் ஹயலூரானிக் அமிலம் (ஜெல்லின் மூலப்பொருள்). உதடு ஓயாமல் அசைவது. அங்கே கெட்டி ஜெல் கட்டியாகத் தட்டுப்படும். 15 மில்லிகிராம் வொல்பெல்லா போன்ற மெல்லியது போதும், முதல் தடவைக்கு அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி. மூக்கோரக் கோடு பலருக்குக் கன்னம் இறங்கியதால் வருவது. கோட்டையே நிரப்பினால் சிரிக்கும்போது புடைத்து நிற்கும். கன்னத்தைச் சரிசெய்தாலே அது பாதி குறையும்.

கண்ணுக்குக் கீழேதான் ஏமாற்றம் அதிகம். முகத்தை நிமிர்த்தி, மேல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். கருமை மறைந்தால் அது பள்ளத்தின் நிழல், ஃபில்லர் உதவும். அப்படியே இருந்தால் பெரும்பாலும் தோலின் நிறமி. நம் நிறத்தவருக்கு இதுதான் அதிகம். அதற்கு ஃபில்லர் காசைக் கரைக்கும், கருமையைக் கரைக்காது. பள்ளத்துக்கும் ஒரு கண்ணுக்கு அரை மில்லிக்கு மேல் அநேகமாகத் தேவைப்படாது. தோலுக்கு மிக அருகில் வைத்தால் நீலம் பாரித்துத் தெரியும், நீர் கோத்து வீங்கும்.

மூக்கும் புருவமத்தியும் விடுமுறை அவசரத்தில் தொடும் இடங்களே அல்ல. ஜெல் ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் செத்துப்போகும், பார்வையே போகலாம். மற்ற இடத்திலும் இந்த ஆபத்து உண்டு. மாநிறத் தோலில் வெளுப்பு சட்டென்று தெரியாது. அழுத்தி விட்டதும் ரத்தம் திரும்பத் தாமதமா, வலி ஏறுகிறதா, வலைபோல் திட்டு விழுகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அந்த நிமிடமே டாக்டரைப் பிடிக்க வேண்டும். ஹயலூரானிக் ஜெல்லைக் கரைக்கும் ஹயலூரானிடேஸ் ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். ரேடியஸ் போன்ற கால்சியம் ஃபில்லரை அந்த ஊசி கரைக்காது.

ஊசி போடுபவர் எம்.டி. டி.வி.எல். (தோல் மருத்துவ மேற்படிப்பு) படித்தவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவெண் உண்டா என்று பாருங்கள். பார்லரில் வேண்டவே வேண்டாம்.

போட்ட பிறகு இரண்டு வாரத்துக்கு நலங்கு மஞ்சளை முகத்தில் தேய்க்க விடாதீர்கள். எண்ணெய்க் குளியல் மசாஜும் ஃபேஷியலும் கூடாது. அத்தைமாரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். பல் வேலையையும் அந்த இரண்டு வாரத்துக்கு அப்பால் தள்ளுங்கள். வாய்க்கிருமி ரத்தம் வழியே ஜெல்லில் போய்த் தங்கலாம்.

பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, லாட் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஸ்டிக்கரை வாங்கி வையுங்கள். எந்த இடத்தில் எத்தனை மில்லி என்றும் எழுதி வாங்குங்கள். சில மாதம் கழித்துக் கட்டி கிளம்பினால், நீங்கள் இருக்கும் நாட்டில் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.